கோலார் சுரங்கமும் தூரத்துக் கற்றையும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் அரை நாளுக்குள் கோலார் தங்கவயலை எட்டிவிடலாம். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது. 1965-இல் அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ என்ற துகள் மட்டும் ஊடுருவி வரும். வந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை மனிதர்கள் முதன்முதலாகக் கண்ட இடங்களில் கோலாரும் ஒன்று. ஏறத்தாழ அதே நாட்களில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் கண்டார்கள்.

அன்று கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில தடங்கள். எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இன்று வருகைக்காகக் காத்திருப்பதில்லை, தயாரித்தே அனுப்புகிறார்கள். ஜப்பானின் டோகாயில் புரோட்டான்களை கிராஃபைட்டில் மோதவிட்டு மியூவான் என்ற வகை நியூட்ரினோக் கற்றையை உண்டாக்குகிறார்கள். 295 கிலோமீட்டர் தள்ளி, காமியோகா மலைக்கடியில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி அதைப் பிடிக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து புதுக்கோட்டை வரை நேர்கோடு போட்டால் ஏறத்தாழ அவ்வளவு தூரம். குழாயோ சுரங்கப்பாதையோ வேண்டாம். பூமிக்குள்ளேயே ஒரு மில்லிவினாடியில் கடந்துவிடும்.

இவ்வளவு தூரம் எதற்கு? வழியில் அது மாறுவதைப் பார்க்கத்தான். பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறு நிறமும் கொடுத்து நம்மூரில் நெய்த மயில் கழுத்துச் சேலை, கட்டியவர் நடக்க நடக்க நிறம் மாறித் தெரியும். இரண்டு நிறமும் முதலிலிருந்தே அதற்குள் இருப்பவை. நியூட்ரினோவுக்குள்ளும் சற்றே வேறுபட்ட நிறையுள்ள மூன்று நிலைகள் கலந்திருக்கின்றன. அதனால் மியூவான் வகையாகப் புறப்பட்டதில் ஒரு பங்கு எலக்ட்ரான் வகையாகப் போய்ச் சேர்கிறது. 2013-இல் இதை டோகாய் கற்றை உறுதி செய்தது. அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோவையும் அனுப்பி, இரண்டும் ஒரே மாதிரி மாறுகின்றனவா என்று இப்போது ஒப்பிடுகிறார்கள். பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் ஏன் காணாமல் போனது என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கலாம்.

கோலாரில் ஆய்வு 1990-களில் நின்றது; சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் வாரிசாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கடியில் 50,000 டன் காந்த இரும்புக் கருவி அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை அனுமதித்தது. காற்றுமண்டல நியூட்ரினோதான் அதன் முதல் வேலை. ஆனாலும் 7,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து கற்றை அனுப்பினால் எதையெல்லாம் அளக்கலாம் என்று நம் இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். காட்டையும் நீரையும் பற்றிய அச்சம் எழுந்தது, வழக்குகள் தொடர்ந்தன, 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. நியூட்ரினோவால் யாருக்கும் கேடில்லை. மலையைக் குடைவதைப் பற்றிய கேள்வி வேறு. அதை ஊர்க்காரர்களோடு முதல் நாளே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கிடையே, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மூடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்துக்கு 1,300 கிலோமீட்டர் தூர நியூட்ரினோக் கற்றை தயாராகி வருகிறது. அதற்கான துகள் முடுக்கியின் பாகங்கள் சில இந்தியாவிலிருந்து போகின்றன.