அறியும் உரிமையும் வருமுன் காத்தலும்

நிலத்தடி நீர் மாசுபடுவது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கிணற்று நீரின் நிறமும் சுவையும் மாறும்போது தீங்கு நேர்ந்து முடிந்திருக்கும். அந்நீரை மீட்கப் பல்லாண்டுகள் ஆகலாம். மீட்க இயலாமலும் போகலாம். எனவே, தீங்கு இழைத்தவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், தீங்கு நேரும் முன்பே தடுப்பதையும் சுற்றுச்சூழல் சட்டம் நோக்கமாகக் கொண்டுள்ளது. அந்நோக்கம் நிறைவேற, மக்களுக்கு உண்மைத் தகவல்கள் கிடைத்தல் வேண்டும்.

1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டின் பிரகடனம் இவ்விரண்டையும் வலியுறுத்தியது. அரசு அமைப்புகளிடமுள்ள சுற்றுச்சூழல் தகவல்களைப் பெறவும், முடிவெடுப்பதில் பங்கேற்கவும் மக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அதன் 10ஆம் கோட்பாடு. மீட்க இயலாத பெருந்தீங்கு நேரக்கூடிய இடத்தில், அறிவியல் முறையில் அது முற்றிலும் உறுதிப்படவில்லை எனக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 15ஆம் கோட்பாடு. இதுவே முன்னெச்சரிக்கைக் கொள்கை எனப்படும்.

இக்கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெறத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே வழிவகுத்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் மாசுபட்டிருந்தன.

1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. தோல் தொழில் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் தருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும், சுத்திகரிப்பு நிலையம் அமைக்காத ஆலைகள் இயங்கலாகாது என்றது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும், தம் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்றும் உரைத்தது. இதில் ஓர் அறம் உண்டு. எந்த வேதிப்பொருள் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை ஆலையினர் அறிவர். உழவரோ தம் கிணற்றை மட்டுமே அறிவார். அறிந்தவர் வாய் திறவாதவரை, அறியாதவர் எதையும் மெய்ப்பித்தல் அரிது.

350 கிணறுகள் கெட்டபின் கிடைத்த கணக்கு வழக்கிற்கு உதவியது; ஆனால், கிணறுகளைக் காக்க அது காலங்கடந்தே வந்தது. தகவல் முன்னரே கிடைக்க இன்று சட்டங்கள் துணைநிற்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரப்பட வேண்டும். உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டிய திட்டங்களுக்கு, அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் அமைதல் வேண்டும்.

தகவலைப் பெறுவது உரிமை. அதனைப் படித்து, உரிய காலத்தில் வினவுவது கடமை. கிணறு கெட்டபின் பெறும் இழப்பீடு, இழந்த நன்னீரைத் திரும்பத் தருவதில்லை.