உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது!



வீரகேரளம்புதூர், தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களில் அந்த நாளைய நிக்காஹ் வீடியோ கேசட்டைப் பீரோவில் பத்திரப்படுத்தாத வீடுகள் குறைவு. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வர இயலாத சகோதரனுக்கு அந்தக் கேசட்டே கல்யாண வீடாக இருந்தது.

இன்று அதைக் கணினிக்கு மாற்றிப் பார்க்கிறீர்கள். தொடக்கத்தில் எல்லாம் சரி. ஆனால் மாப்பிள்ளை, "ஒப்புக்கொண்டேன்" என்று சொல்லி வாய்மூடிய பின்பே சொல் காதில் விழுகிறது! மறைந்துவிட்ட வாப்பாவின் துஆ, அவருடைய உதட்டோடு சேராமல் தனியே ஒலிக்கிறது. மனம் கலங்க வேண்டாம், பெரும்பாலும் திருத்திவிடலாம்.

காரணம் என்ன?

படமும் ஒலியும் ஒரே கோப்பில் இருந்தாலும் அவை இரண்டு தனித்தனி ஓட்டங்கள். நம் நாட்டுக் கேசட்டில் நொடிக்கு 25 படங்கள். மழை நாளில் மேற்கு மலையில் முதலில் மின்னல், பிறகே இடி. ஆகவே பிந்தும் ஒலியைக் காது ஓரளவு பொறுக்கும். முந்தும் ஒலியைப் பொறுக்காது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ, 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் உணர்வார் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வரையறுத்தது.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

படத்தின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலும் உதடுகளைக் கவனியுங்கள்.

1. பிழை எங்கும் ஒரே அளவா? விஎல்சி மென்பொருளில் ஓடவிட்டு, ஜே, கே விசைகளை அழுத்துங்கள். ஓர் அழுத்தத்திற்கு 50 மில்லிநொடி ஒலி நகரும். இது பார்ப்பதற்கு மட்டுமே, கோப்பு மாறாது. பொருந்திய அளவைக் குறித்துக்கொண்டு, அவிடெமக்ஸ் மென்பொருளில் ஒலியை அவ்வளவு நகர்த்திச் சேமியுங்கள்.

2. பிழை சீராக வளர்கிறதா? ஒலியின் நீளமும் படத்தின் நீளமும் வேறுபடுகின்றன. படம் 3600 நொடி, ஒலி 3603 நொடி என்றால், ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' வழியாக ஒலியை 3600 நொடிக்குச் சுருக்குங்கள். குரலின் சுருதி மாறாது.

3. திடீர் திடீரெனத் தாவுகிறதா? தேய்ந்த நாடாவிலிருந்து ஏற்றும்போது கணினி சில படங்களைத் தவறவிட்டிருக்கும். 25 படங்கள் போனால் ஒரு நொடி போயிற்று! அவ்விடங்களில் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருத்துவதைவிட, கேசட்டை மீண்டும் ஏற்றுவதே மேல்.

செல்பேசிப் படங்களில் வேறொரு சிக்கல் உண்டு. வெளிச்சத்திற்கேற்ப நொடிக்கான படங்களின் எண்ணிக்கை கூடிக் குறையும். எடிட்டிங் மென்பொருள் சில வேளை இதனைத் தவறாகக் கணக்கிடும். வெட்டித் தொகுக்கும் முன்பே, ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து மாற்றிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

கடையில் மாற்றக் கொடுத்தால், தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இறுதிவரை ஓட்டிப் பாருங்கள். மாற்றியாயிற்று என்று கேசட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். திருத்தம் செய்வதும் நகலில்தான். மூலம் அப்படியே இருக்கட்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் கருவிகள் அருகி வருகின்றன. நாடாவும் ஆண்டுதோறும் நலிகிறது.

எனவே, இந்த விடுமுறையிலேயே பீரோவைத் திறந்து பாருங்கள். வாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் நிழற்படத்தில் கண்டிருப்பார்கள். அவர் பேசுவதை, உதடும் குரலும் ஒன்றிய நிலையில், அவர்களும் ஒருமுறை கேட்கட்டுமே!