கம்ப்யூட்டர் உருட்டும் தாயக்கட்டை

விண்டோஸ் 95 முதல் விண்டோஸ் 7 வரை ப்ரீசெல் என்ற சீட்டு விளையாட்டு விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. அதை விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும், விண்டோவின் தலைப்பில் ஒரு ஆட்ட எண் தெரியும். கேம் மெனுவில் செலக்ட் கேம் என்பதைக் கிளிக் செய்து 617 என்று டைப் செய்தால் 617-வது ஆட்டம் வரும். நாளைக்கு அதே எண்ணைக் கொடுத்தாலும் அதே சீட்டுகள் அதே இடத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரிலும் அப்படியேதான் வரும்.

விண்டோஸ் 95-ல் இப்படி 32,000 ஆட்டங்கள் இருந்தன. 1994-95-ல் இன்டர்நெட் மூலம் சேர்ந்த ஆர்வலர்கள் இந்த 32,000 ஆட்டங்களையும் பங்கு போட்டு விளையாடித் தீர்த்தார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அது 11982-வது ஆட்டம். அதற்குத் தீர்வே கிடையாது என்பதைப் பின்னர் கம்ப்யூட்டர் புரோகிராம்களும் உறுதி செய்தன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சீட்டைக் குலுக்கிப் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அல்லவா வர வேண்டும்? எண்ணைச் சொன்னவுடன் பழைய குலுக்கல் எப்படித் திரும்பி வருகிறது? இதற்கு விடை தெரிந்தால், நீங்கள் தினமும் பயன்படுத்தும் பல வசதிகளின் ரகசியமும் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குக் குலுக்கத் தெரியாது

தாயக்கட்டையை உருட்டினால் என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையின் வேகம், தரையின் வழவழப்பு என்று பல விஷயங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் அப்படி இல்லை. கொடுத்த கட்டளையை அப்படியே செய்யும். ஒரே கணக்கை ஆயிரம் முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் தரும். அதனால்தான் அதை நம்பி கடையில் பில் போடுகிறோம்.

ஆனால் விளையாட்டுக்கும் வேறு பல வேலைகளுக்கும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத எண்கள் தேவை. இவற்றை ரேண்டம் எண்கள் என்பார்கள். கணக்கு மட்டுமே தெரிந்த இயந்திரத்திடம் இவற்றை எப்படி வாங்குவது? ஒரு தந்திரம் செய்கிறார்கள்.

பேப்பரும் பென்சிலும் எடுங்கள்

ஏதாவது ஒரு எண்ணில் தொடங்குங்கள். 7 என்று வைத்துக் கொள்வோம். அதை 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டுங்கள். 38 வரும். அதை 16-ஆல் வகுத்தால் மீதி 6. இதுதான் அடுத்த எண். இந்த 6-ஐ வைத்துக்கொண்டு மறுபடியும் அதே கணக்கைப் போடுங்கள். 1 வரும். தொடர்ந்து செய்தால் கிடைக்கும் வரிசை இது:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

கணக்கு தெரியாதவருக்கு இதைக் காட்டினால், வாய்க்கு வந்த எண்களை எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். உங்களுக்கோ அடுத்தது என்ன என்று துல்லியமாகத் தெரியும். இப்படிப் பார்வைக்கு மட்டும் ரேண்டமாக இருப்பதால் இவற்றைப் போலி ரேண்டம் எண்கள் என்கிறார்கள். நாம் தொடங்கிய 7-க்கு விதை எண் என்று பெயர். அதே விதையைப் போட்டால் அதே வரிசைதான் முளைக்கும்.

இந்த முறைக்கு 1949-ல் அடித்தளம் போட்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் டி.எச். லேமர். ப்ரீசெல்லும் இதே கணக்கைத்தான் போட்டது. 5-க்குப் பதில் 214013, 3-க்குப் பதில் 2531011, 16-க்குப் பதில் 2147483648. நீங்கள் டைப் செய்த ஆட்ட எண்தான் விதை எண். பழைய குலுக்கல் திரும்பி வந்த ரகசியம் இவ்வளவுதான்.

நம் வரிசையில் ஒரு குறை இருப்பதைக் கவனித்தீர்களா? ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று எண்கள் மாறி மாறி வருகின்றன. 16 எண்கள் முடிந்ததும் மறுபடியும் 7-ல் தொடங்கிவிடும். எனவே இதைவிடச் சிறந்த முறைகளைத் தேடினார்கள். 1997-ல் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமோட்டோ, நிஷிமுரா இருவரும் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையை உருவாக்கினார்கள். இதன் வரிசை மறுபடியும் தொடக்கத்துக்கு வருவதற்குள் வரும் எண்களின் எண்ணிக்கையை எழுதினாலே 6,002 இலக்கங்கள் தேவைப்படும். பைத்தான் மொழியின் சாதாரண ரேண்டம் எண்கள் இந்த முறையில்தான் வருகின்றன.

ஒரே விதையால் வரும் லாபம்

அதே விதைக்கு அதே வரிசை என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். பல கண்டுபிடிப்புகள் இதை நம்பியே இருக்கின்றன.

1984-ல் வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டில் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள் உண்டு. அது ஓடிய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் மெமரியோ வெறும் 32 கேபி. இத்தனை கிரகங்களின் பெயரையும் விவரத்தையும் அதில் சேமிக்க இடம் இல்லை. எனவே விதை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கணக்குப் போட்டு கிரகத்தை உருவாக்கினார்கள். எத்தனை முறை போனாலும் அதே கிரகம் இருந்தது.

செல்போனில் மேப் பார்க்கிறீர்களா? அதற்கு உதவும் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. பொதுமக்களுக்கான அடிப்படை சிக்னலை எல்லா ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளும் ஒரே அலைவரிசையில்தான் அனுப்புகின்றன. எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு போலி ரேண்டம் வரிசை உண்டு. 0, 1 இரண்டும் கலந்த 1,023 இலக்கங்கள், வினாடிக்கு 1,000 முறை திரும்பத் திரும்ப வரும். உங்கள் செல்போனும் அதே வரிசையைத் தனக்குள் உருவாக்கி, வந்த சிக்னலோடு முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. இதிலிருந்து சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பது தெரியும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். நான்கு சாட்டிலைட்டுகளின் தூரம் கிடைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

30 வினாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண்ணைக் காட்டும் அதென்டிகேட்டர் ஆப்பும் இதற்கு உறவுதான். தொடக்கத்தில் நீங்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடில் ஒரு ரகசிய விதை இருக்கிறது. அதையும் கடிகார நேரத்தையும் சேர்த்து உங்கள் போனும் வெப்சைட்டும் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. விடை ஒன்றாக இருந்தால் உள்ளே விடுகிறார்கள்.

விதை வெளியே தெரிந்தால்?

இதே குணம் ஆபத்தாகவும் முடியும். ரகசியம் காக்க வேண்டிய இடத்தில் விதையை மற்றவர் ஊகித்துவிட்டால் எல்லாம் போச்சு.

1995-ல் பிரபலமாக இருந்த நெட்ஸ்கேப் பிரவுசர், கிரெடிட் கார்டு எண் போன்ற விவரங்களை ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பியது. அதற்கான சாவியை உருவாக்கும் விதை, கம்ப்யூட்டரின் நேரத்தையும் ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராம்களின் இரண்டு வரிசை எண்களையும் சேர்த்து எடுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். அதே கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ஒரு நிமிடத்துக்குள் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டினார்கள். நெட்ஸ்கேப் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது.

1999-ல் இன்டர்நெட் போக்கர் சாஃப்ட்வேர் ஒன்றிலும் இதே கதைதான். சீட்டுக் குலுக்கல் நேர்மையானது என்று காட்ட, அதைத் தயாரித்தவர்களே குலுக்கும் முறையை வெளியிட்டார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய விதை, நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி செகண்டுகள். ஒரு நாளில் அது 8 கோடியே 64 லட்சம்தான். கடிகாரத்தைச் சரியாகப் பொருத்தினால் சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிடும். ஐந்து சீட்டுகளைப் பார்த்தவுடன் எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

லினக்ஸிலும் இது நடந்தது. 2006-ல் டெபியன் லினக்ஸில், எச்சரிக்கைச் செய்தி ஒன்றை நிறுத்துவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் புரோகிராமில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதனால் விதையில் சேர வேண்டிய மற்றவை எல்லாம் போய், புரோகிராமின் வரிசை எண் மட்டுமே மிஞ்சியது. 2008 மே மாதம் வரை இது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வகைச் சாவியிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகளில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்து கொண்டிருந்தது. பூட்டு என்னவோ உறுதியானது. ஆனால் சாவிக்கொத்து முழுவதும் திருடன் கையில்!

நல்ல விதைக்கு எங்கே போவது?

கணக்கில் கிடைக்காததை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நீங்கள் கீபோர்டில் தட்டும் இடைவெளி, மவுஸ் நகரும் விதம், டிஸ்க் பதில் தரும் நேரம் போன்ற சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை ஆப்பரேட்டிங் சிஸ்டம் சேகரித்து விதையாக்குகிறது. 2012 முதல் இன்டெல் பிராசஸர்களுக்குள்ளேயே, மின்சுற்றின் இரைச்சலிலிருந்து ரேண்டம் எண் எடுக்கும் பகுதி வைக்கப்பட்டது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் சான்ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தில் சுமார் 100 லாவா விளக்குகளை அடுக்கி வைத்திருக்கிறது. அவற்றுக்குள் மெழுகு மிதந்து உருமாறுவதைக் கேமராவில் பிடித்து விதையில் சேர்க்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பாஸ்வேர்டை நீங்களே யோசிக்க வேண்டாம். பிறந்த தேதியும் பிள்ளையின் பெயரும் எளிதில் ஊகிக்கக் கூடிய விதைகள். பிரவுசரோ பாஸ்வேர்டு மேனேஜரோ உருவாக்கித் தருவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. சீட்டுக் குலுக்கல், வினாடி வினா போன்றவற்றுக்கு எக்ஸெலின் ரேண்ட்பிட்வீன் ஃபங்ஷன் போதும். ஆனால் ஷீட்டில் எதை மாற்றினாலும் அந்த எண்ணும் மாறிவிடும். வந்த எண்ணைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்வு செய்து ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டு உருவாக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

3. சாவி உருவாக்கும் சில புரோகிராம்கள் மவுஸை அங்கும் இங்கும் அசைக்கச் சொல்லும். சோம்பல்படாமல் அசையுங்கள். விதை போடுவது நீங்கள்தான்.

4. அதென்டிகேட்டருக்கான கியூஆர் கோடைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். விதையையே கொடுத்துவிட்ட மாதிரி ஆகும்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் குலுக்கிக் கொடுத்தது என்று யாராவது சொன்னால், விதை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சீட்டு விளையாட்டுக்கு எந்த விதையும் போதும். உங்கள் பணத்துக்குப் போதாது.