கிழவனுக்கு ஒரு சேக்காளி

வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டி, அங்கே ஏற்கெனவே இருக்கும் பெரிய நாயைக் கண்டதும் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். காதை மடக்கி, இடுப்பை ஆட்டி, தரையோடு தரையாக நெளிந்து போகும். பெரியதின் மோவாய்க்குக் கீழே நின்று, மூக்கைத் தூக்கி, அதன் வாயோரத்தை நக்கும். பெரியது முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபக்கம் ஓடி அந்த ஓரத்தை நக்கும். நாம் "முத்தம் குடுக்குது பாரு" என்று செல்போனை எடுப்போம். அது கேட்பது சாப்பாடு.

ஓநாய்க் கூட்டத்தில் வேட்டைக்குப் போனவை இரையை வயிற்றில் சுமந்துகொண்டு திரும்பும். காத்திருந்த குட்டிகள் வாயோரத்தை நக்க நக்க, பெரியவற்றுக்குக் குமட்டி, பாதி செரித்த கறி வெளியே வந்து விழும். பல் முற்றாத குட்டிகளுக்கு அதுதான் முதல் கறிச்சாப்பாடு. நாய்கள் ஓநாயிடமிருந்து பிரிந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. தட்டில் பால்சோறு வைத்து வளர்த்தாலும் குட்டியின் நாக்கு அந்தப் பழைய பழக்கத்தை விடவில்லை.

இப்படி ஊட்டுவது பெற்றவை மட்டுமல்ல. அடுத்ததன் குட்டிக்கு ஊட்டி, காவலும் இருக்கிற மூத்தவை நாய்க்குலத்தில் உண்டு. நம் மேற்கு மலையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே செந்நாய்கள் உண்டு. அந்தச் செந்நாய்களின் குடும்ப வாழ்க்கையைக் காட்டுக்குள்ளேயே கிடந்து ஆராய்ந்த முன்னோடி, நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். 1970-களின் பிற்பகுதியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில் அவர் செய்த ஆய்வு, ஓர் இந்தியர் பெரிய காட்டு விலங்கு ஒன்றை அதன் இடத்திலேயே வைத்துச் செய்த முதல் முறையான ஆய்வு என்று மதிக்கப்படுகிறது. குட்டி போட்ட பெண் செந்நாய் பொந்தை விட்டு நகராமல் இருக்க, கூட்டத்தின் மற்றவை அதற்கும் குட்டிகளுக்கும் கறியைக் கக்கிக் கொடுப்பதையும், ஒன்றிரண்டு பொந்துக்குக் காவலாக நின்றுவிடுவதையும் அவர் எழுதி வைத்தார். 2024 ஜூனில் காலமானார். நெல்லைச் சீமை தன் பிள்ளை என்று இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய மனிதர்.

செந்நாய், நாயின் நேரடி மூதாதை இல்லை; சற்று விலகிய சொந்தம்தான். சரி, தெருநாய்க்கு வருவோம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் வங்காளத் தெருக்களில் பல ஆண்டுகள் நாய்களின் பின்னால் அலைந்திருக்கிறார்கள். தாயல்லாத பெண் நாய்கள் அடுத்ததன் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதையும், ஆண் நாய்கள் குட்டிகளோடு விளையாடி, அவற்றைக் காப்பதையும் பதிவு செய்து, 2018-இல் வெளியான கட்டுரைக்கு 'மகத்தான இந்தியக் கூட்டுக்குடும்பம்' என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார்கள். அதே குழு சொன்ன இன்னொரு செய்தி கசப்பானது. தெருவில் பிறக்கும் நூறு குட்டிகளில் இனப்பெருக்க வயதைத் தொடுபவை பத்தொன்பதுதான். சாவுகளில் பாதிக்கு மேல் மனிதரால் நேர்பவை: வண்டி, அடி, விஷம், தூக்கிக்கொண்டு போய் எங்கோ விடுவது.

ஆகவே மணிமுத்தாற்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு வயது நாட்டு நாய் படுத்திருக்க, அதற்குத் துணையாகத் தெருக்குட்டி ஒன்றைத் தூக்கி வருவது இயற்கைக்கு விரோதமான யோசனை இல்லை. ஆனால் வயது வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். நாயின் ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு என்று நாம் சொல்லும் கணக்கு தப்பு. லேப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு படியும் வேதிக் குறிகளை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டு 2020-இல் ஒரு கணக்கு வெளியானது. அதன்படி நாய் முதல் வருஷத்திலேயே மனிதனின் முப்பதைத் தொட்டுவிடுகிறது, அப்புறம் மெதுவாகிறது. எட்டு வாரக் குட்டி, பல் முளைக்கிற ஒன்பது மாதக் கைக்குழந்தைக்குச் சமம். பன்னிரண்டு வயது நாய்க்கு எழுபது நடக்கிறது. எல்லா இனத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் எழுபது வயதுக்காரர் மடியில் கைக்குழந்தையைப் போட்டுவிட்டு நாம் வேலைக்குக் கிளம்பிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

கிழவனுக்கு இதில் என்ன லாபம்? அமெரிக்காவில் நடக்கும் நாய் முதுமை ஆய்வுத் திட்டம், 21,000-க்கும் மேற்பட்ட நாய்களின் வீட்டுச் சூழலையும் உடல்நிலையையும் அலசி 2023-இல் ஒரு முடிவைச் சொன்னது. வீட்டில் வேறு நாய், மனிதர் என்று பழகத் துணை உள்ள நாய்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன. வீட்டின் பணவசதியை விட இந்தத் துணையின் தாக்கம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. படித்ததும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல திடமான நாய் வைத்திருப்பவர்தானே இரண்டாவதை எடுக்கத் துணிவார்? எது காரணம், எது விளைவு என்பதை இந்த மாதிரி ஆய்வு பிரித்துச் சொல்லாது. துணையை இழந்த நாய் மாறிப்போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இத்தாலியில் 426 பேரிடம் கேட்டு 2022-இல் வந்த ஆய்வில், கூட இருந்த நாய் செத்த பிறகு தங்கள் நாயிடம் மாற்றம் தெரிந்தது என்றவர்கள் 86 சதவீதம். விளையாட்டு குறைந்தது, தீனி குறைந்தது, ஆளையே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலானவற்றுக்கு மூளைத் தளர்ச்சியின் அறிகுறி ஏதாவது இருக்கும். பதினைந்து, பதினாறில் அது மூன்றில் இரண்டு பங்கு. ராத்திரியில் காரணமில்லாமல் குரைப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, பழகிய வீட்டில் வழி தடுமாறுவது எல்லாம் இதுதான். குட்டி வந்து இதைக் குணமாக்காது. மூட்டு வலி அதைவிடப் பெரிய சிக்கல். வலிக்கிற இடுப்பின் மேல் குட்டி தாவினால் எந்த நல்ல நாயும் கடிக்கும். கேட்காத காதுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தால் திடுக்கிட்டுக் கடிக்கும். "வயசாச்சு, அப்படித்தான் நொண்டும்" என்று விட்டுவிடாமல், குட்டியைக் கொண்டுவரும் முன் கிழவனை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். நம் பக்கத்தில் நெல்லை ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். பெருங்கால் வாய்க்கால் கரை மாதிரி இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தாதீர்கள். பெரியது குட்டியின் பின்பக்கம் போய் மோந்து பார்க்கும். கண்ணும் காதும் மங்கிய பிறகும் மூக்கு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். பால் குடிப்பதா, ஆணா பெண்ணா, மிரண்டிருக்கிறதா எல்லாம் அங்கேதான் தெரிந்துகொள்கிறது. குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டி, இரண்டு சொட்டு மூத்திரமும் விடும். அதற்காகக் குட்டியை அதட்டாதீர்கள். 'நான் சின்னவன்' என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி அது.

பெரியது உறுமினால் அதையும் அதட்டாதீர்கள். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். பல்லைக் காட்டுவதும் தொண்டையில் உறுமுவதும் கடிக்கு முந்திய எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அடி விழுந்தால் நாய் எச்சரிப்பதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகும். ஒரு உறுமலில் குட்டி பின்வாங்கி உட்கார்ந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். பின்வாங்காமல் மேலே மேலே ஏறினால் குட்டியைத் தூக்க வேண்டியது உங்கள் வேலை. கிழவனுக்கு ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். திண்ணை உள்ள வீட்டில் கவலையில்லை, இரண்டு மாதக் குட்டிக்கு எட்டாது. கிழவனுக்கே ஏற முடியவில்லை என்றால் ஒரு கல்லைப் படியாகப் போட்டுக் கொடுங்கள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் எப்போதும் தனித்தனியாக வையுங்கள்.

சில நாளில், எல்லா வீட்டிலும் இல்லாவிட்டாலும், ஒரு காட்சி வாய்க்கும். பெரியது படுத்துக்கொண்டே வாயைத் திறந்து குட்டியின் வாயோடு வைத்து மெல்ல மல்லுக்கட்டும். எழுந்தால் குட்டிக்கு எட்டாது என்று படுத்தே விளையாடும்; ஒரு தட்டில் உருட்டிவிடக்கூடிய குட்டியிடம் வேண்டுமென்றே தோற்கும். விளையாட்டில் வலியது தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பல விலங்குகளிடம் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்வது இந்த மல்லுக்கட்டில்தான். நாம் கற்றுக்கொடுத்தால் இதைவிட நாளாகும்.

குட்டியின் மூளை கண்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்கர்கள் ஆண்டுக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் எழுதிய புத்தகத்திலிருந்து இன்றுவரை இதில் பெரிய மாற்றம் இல்லை. புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2018-இல் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். எட்டு வாரக் குட்டிகளுக்கு முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து தீனி எடுத்துக் காட்டியபோது, பெற்ற தாய் காட்டியதைவிட, முன்பின் அறியாத நாய் காட்டியதைப் பார்த்து அவை நன்றாகக் கற்றுக்கொண்டன. தெருக்குட்டிக்கு உங்கள் கிழவன் அப்படிப்பட்ட அறியாத நாய்தான். வாசலில் யாருக்குக் குரைப்பது, இடிக்கு எவ்வளவு பயப்படுவது என்பதெல்லாம் அதனிடமிருந்து வரும். கோழி துரத்துகிற கிழவன் என்றால் குட்டியும் துரத்தும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மலையடிவாரத்துக்கென்று இரண்டு விஷயம். நாய் சிறுத்தைக்குப் பிடித்த இரை. பாபநாசம் பக்கத்து வேம்பையாபுரத்தில் 2024 மே மாதம் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்தது நினைவிருக்கும். இருட்டிய பிறகு இரண்டும் வீட்டுக்குள் இருக்கட்டும். அடுத்தது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காய்ச்சல். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு இதில் செத்தன. ஊர் நாய்களிடமிருந்து வந்தது என்றே கருதினார்கள். செந்நாய்க்கும் இது தொற்றும். தடுப்பூசி போடாத குட்டி காட்டோரத்தில் திரிவது வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

எனவே குட்டியைத் தூக்கி வந்ததும், கிழவனைச் சந்திக்கவிடும் முன், இரண்டு வாரம் தனியாக வையுங்கள். உண்ணியைப் பொறுக்கி, பூச்சி மருந்து கொடுங்கள். ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதற்கும் டிஸ்டெம்பருக்கும் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி. அதற்கெல்லாம் முன்னால், கிழவனுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். வயதாகிவிட்டதே என்று பலரும் நிறுத்திவிடுவது அந்த ஊசியைத்தான்.