மலிவுத் துப்பாக்கியின் விலை

சித்தூர், திருப்பதி காட்டோரங்களில் பயிரைக் காக்க ஒரு சட்டம் துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் சுடாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது கள்ளப் பட்டறை.

நிலக்கடலை காய் பிடித்து முற்றும் புரட்டாசி, ஐப்பசியில் சித்தூர் மாவட்டத்துக் காட்டோரக் கிராமங்களில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் கிடையாது. பலமனேர், குப்பம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பரண்மேல் ஓர் ஆள், கையில் டார்ச் லைட், பக்கத்தில் தட்டுவதற்கு ஒரு தகர டின். இருட்டில் உறுமல் கேட்டால் டின் அதிரும். கொஞ்ச நாளைக்குப் பன்றிகள் ஓடும். பிறகு அந்தச் சத்தம் அவற்றுக்குப் பழகிவிடும். மூக்கால் மண்ணைக் கிளறித் தின்னும் ஒரு கூட்டம் இரவில் புகுந்தால், காலையில் நிலம் ஏர் ஓட்டியது போலக் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் நாட்டுத் துப்பாக்கியின் நினைப்பு வருகிறது. ஒரு குழல், ஒரு மரக்கட்டை, ஒரு விசை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமாகத் தெரியாது. கடையில் விற்கும் துப்பாக்கியின் விலையில் சிறு பங்குக்கு இவற்றைச் சேர்த்துக் கொடுக்க ஆள் இருப்பதாக யாரோ சொல்வார்கள். அந்த 'யாரோ' எல்லா ஊரிலும் உண்டு.

வாங்குகிறவர் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு: இந்தியச் சட்டத்தின் கண்ணில் அந்தக் குழல் வெறும் குழல் அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் அடக்கம். (வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே பயன்படும் லத்தியும் சாதாரணக் கைத்தடியும் ஆயுதம் அல்ல என்று அதே விளக்கம் பெருந்தன்மையோடு விலக்கு அளிக்கிறது.) சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, விற்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். சில்லறைப் பாகங்களைச் சும்மா வைத்திருப்பவரை 45ஆவது பிரிவு மன்னிக்கிறது. ஆனால் அவற்றைப் பூர்த்தி செய்யும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. சேர்க்க நினைத்தாலே மன்னிப்பு போய்விடுகிறது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1950களில் ஆர்மலைட் நிறுவனம் உருவாக்கிய ஏ.ஆர்.15 ரகத் துப்பாக்கியைப் பாகம் பாகமாகத் தபாலில் வரவழைத்து, பட்ஜெட்டுக்குத் தகுந்தபடி வீட்டு மேசையில் பூட்டுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. விசை அமைப்பைத் தாங்கும் நடு உடலை மட்டுமே 1968ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியாகக் கருதுகிறது. குழலும் கட்டையும் அங்கே வெறும் உதிரிப் பாகங்கள். அந்த நடு உடலையும் அரைகுறையாகச் செய்து 'கிட்' என்று விற்க ஆரம்பித்ததும் அரசு விழித்துக்கொண்டது. வரிசை எண்ணும் வாங்குபவர் பற்றிய விசாரணையும் இல்லாத துப்பாக்கிகளைத் தடுக்க 2022இல் கொண்டுவந்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. பன்றிக்காக வாங்கினேன் என்பது தண்டனை விஷயத்தில் நீதிபதியின் மனதை வேண்டுமானால் இளக்கலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

இத்தனைக்கும் இதே சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே கேட்கும் குடிமகனுக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13ஆவது பிரிவு. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். போலீஸ் ஆவணங்களில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதப்படுவது இந்தக் கெட்டித் துப்பாக்கிதான். விண்ணப்பம், காவல்துறை விசாரணை அறிக்கை, 2016ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மாவட்டத் தலைநகருக்கு நடை. வானம் பார்த்த ஒரு ஏக்கர் கடலைக்காக இத்தனை படி ஏற எத்தனை பேருக்கு முடியும்? அப்படியே ஏறி வாங்கினாலும் தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். நடத்தை விதிகள் பன்றிகளைக் கட்டுப்படுத்துவதில்லை.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. கிராமத்தில் புழங்குவது 'ரைஃபிள்' அல்ல. குழலின் உட்புறம் சுருளாக வரிப்பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலவிட்டுக் குறி பிசகாமல் அனுப்புவதுதான் ரைஃபிள். அந்த வரிப்பள்ளத்துக்குத் துல்லியமான இயந்திரமும் தேர்ந்த எஃகும் வேண்டும். மேற்கு வங்கத்தில் ஈச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அந்த வேலையை நூறாண்டுக்கு மேலாகச் செய்கிறது. சாமானியருக்கு அங்கே தயாராவது .315 ரகம். ராணுவத் தோட்டா வெளியாட்கள் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற வெள்ளையர் கால எச்சரிக்கையில் .303 விலக்கப்பட்டு, அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த அளவு இது. ஆட்சி மாறியும் அளவு மாறவில்லை.

அந்த எச்சரிக்கைக்கு வேர் இந்தப் பகுதியிலும் இருக்கிறது. மைசூரின் ஹைதர் அலி 1782 டிசம்பரில் கண்மூடியது சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை பாசறையில். 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து இந்தச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் அடங்கிய கையோடு, தெற்கத்திப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து சென்னை கவர்னர் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். வடக்கே சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804-05இல் எழுந்து நின்றபோது அவர்களும் ஒடுக்கப்பட்டார்கள். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மேற்கே குடகு மக்களுக்கு மட்டும் 1861இலேயே கிடைத்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. சித்தூர்க்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

திருப்பதிக்கு மேற்கே பாக்கராபேட்டை, சாமலா, நாகபட்லா காடுகளுக்கு வேட்டை இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. பெங்களூரின் கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட தன் முதல் புத்தகத்திலேயே சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். கிராமத்தார் கையில் இருந்தது கெட்டித் துப்பாக்கி. அரைகுறையாகச் சுட்டுக் காயப்பட்ட விலங்கு என்ன செய்யும் என்பதற்கு வடக்கே குமாவூனில் ஒரு சாட்சி இருக்கிறது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907இல் வீழ்த்திவிட்டு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய குண்டடியில் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரிடம் வந்தது என்பது அவர் முடிவு.

கார்பெட்டின் முதல் துப்பாக்கியே ஓர் ஒட்டுப்போட்ட சாமான்தான். சிறுவனாக இருந்தபோது அன்பளிப்பாக வந்த அந்தப் பழைய இரட்டைக்குழல் கெட்டித் துப்பாக்கியின் ஒரு குழல், மருந்து அதிகமாகிப் பிளந்து போயிருந்தது. குழலும் கட்டையும் பிரியாமல் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. உருப்படியாக இருந்த இன்னொரு குழலை வைத்துத்தான் அவர் சுடப் பழகினார். அவர் தப்பித்தார். எல்லோரும் தப்பிப்பதில்லை.

துப்பாக்கியில் மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், குழலில். மருந்து எரியும் கணத்தில் எழும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது நல்ல குழல். வேறு எதற்கோ செய்த குழாய்க்கு அந்த வேலை தெரியாது. நூறு முறை தாங்கிவிட்டு நூற்றோராவது முறை ஒட்டுப் போட்ட கோட்டில் வாய் பிளக்கும். அப்போது அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பது சுடுகிறவரின் இடது கையும் வலது கண்ணும். சாதாரணமாகக் கெட்டிப்பதைவிட அதிக மருந்து வைத்து, ஆளை எட்ட நிறுத்திச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தும் வழக்கம் லண்டனில் 1637இலிருந்தே உண்டு. கள்ளப் பட்டறையில் அந்தச் சோதனையை நடத்துவது வாங்கியவரின் உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்ல வேண்டிவரும். அதனால் காயத்தையும் மறைத்துத்தான் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் கடந்து, ஒரு விவசாயி முறையாக உரிமம் வாங்கி, முத்திரை குத்திய துப்பாக்கியோடு பரணில் உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே பன்றி. சுடலாமா? கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நிற்கும் பயிருக்குப் பன்றியால் ஆபத்து என்று வனத்துறையின் உரிய அதிகாரி எழுத்து மூலம் அனுமதித்தால்தான் விசையைத் தொடலாம். முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாம் அட்டவணைக்கு ஏறியிருக்கிறது. அனுமதிக் கடிதம் வரும்வரை பன்றி காத்திருக்காது. ஒரு துறை கொடுத்த துப்பாக்கி, இன்னொரு துறையின் கையெழுத்துக்காகச் சுவரில் தொங்குகிறது.

அண்டை மாநிலங்கள் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்திருக்கின்றன. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அங்கேயும் சுடுவது உரிமத் துப்பாக்கி உள்ளவர் மட்டுமே. தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு வழி பிடித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள் என்றது. இரண்டில் தமிழகத்து வழி பத்திரமானது, கேரளத்து வழி வேகமானது. காட்டை ஒட்டிய நிலத்துக்காரருக்கோ தமிழகத்து வழியால் பயன் இல்லை. அவருடைய வயல் அந்த 3 கிலோமீட்டருக்கு உள்ளேதான் இருக்கிறது.

துப்பாக்கி கிடைக்காதவர் சும்மா இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். திருட்டு மின்கம்பி வேலியில் பன்றியோடு யானையும் சாகிறது, இருட்டில் நடந்துவரும் பக்கத்து நிலத்துக்காரரும் சாகிறார். பழத்துக்குள் வைக்கும் வெடி யார் வாயில் வெடிக்கும் என்பதை வைத்தவர் முடிவு செய்ய முடியாது. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பகுதியில் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்த கருவுற்ற யானையை நாடே பார்த்தது. யானைகளுக்காகவே 1990இல் அறிவிக்கப்பட்ட கௌண்டின்யா சரணாலயம் இருப்பதும் இந்தப் பலமனேர், குப்பம் பக்கம்தான்.

திருப்பதியைச் சுற்றிய சேஷாசலத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. அது செம்மரக் காடு. 2013 டிசம்பரில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் இங்கே கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகத்து மரம்வெட்டிகள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அது மோதலா, படுகொலையா என்ற வாதம் நீதிமன்றங்களுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் போனது. இப்படிப்பட்ட காட்டில், இரவில், தோளில் குழலோடு நடக்கும் ஒருவர் முயலுக்கு வந்தவரா, பன்றிக்கு வந்தவரா, செம்மரத்துக்குக் காவல் வந்தவரா என்று எதிரே வருகிறவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

எல்லைக்கு இந்தப்புறம் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்ட மலைக் கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது ஓர் ஏற்பாடு செய்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் கள்ளத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று தண்டோரா போடுகிறார்கள். நேரில் கொடுக்கத் தயங்குகிறவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். விடிந்ததும் துருப்பிடித்த குழல்களை மேசையில் வரிசையாக அடுக்கி, பின்னால் அதிகாரிகள் நிற்க, போட்டோ எடுக்கப்படுகிறது. சில குழல்களில் கம்பி சுற்றியிருக்கிறது. சிலவற்றின் கட்டை, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கறுத்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி, அவற்றை வைத்துவிட்டுப் போனவர்கள் மறுபடியும் டார்ச்சையும் தகர டின்னையும் எடுத்துக்கொண்டு பரண் ஏறுகிறார்கள்.