முதலில் வாசகர், பிறகு அச்சகம்

சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறார் என்று கேள்விப்பட்டால், பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இன்றும் பலர். தமிழ் அச்சின் வரலாறு இந்த நினைப்புக்கு இடம் தரவில்லை. அச்சகம் வைக்க இருந்த உரிமக் கட்டுப்பாட்டை 1835இல் அரசு நீக்கிய பிறகு, தமிழில் பெரிய காரியங்களைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாங்களே பதிப்பாளர்கள். ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சொந்த அச்சகமே நிறுவினார். உ.வே.சாமிநாதையர் வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்து, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். இவர்களுக்குத் துணிச்சல் இருந்தது; அதைவிட முக்கியமாக, தங்கள் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்பது தெரிந்திருந்தது. சுயபதிப்பா, பதிப்பகமா என்று தயங்கும் எழுத்தாளர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

வாசகர் வட்டமே பதிப்பாளராக நின்றதற்கு மிகத் தெளிவான சான்று திருவள்ளூர் வட்டாரத்துத் தொழுவூர்க்காரர் ஒருவரின் பணியில் கிடைக்கிறது. தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் மாணவர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். வள்ளலாருக்குத் தம் பாடல்கள் அச்சேற வேண்டும் என்ற ஆர்வம் இல்லை. அன்பர்கள்தான் விடவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று இறுக்கம் இரத்தின முதலியார் விரதம் இருந்தார். மயிலை சோமசுந்தர செட்டியார் பொருள் உதவினார். பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து ஒழுங்கு செய்தவர் வேலாயுத முதலியார். 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சாகி வந்தன. ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும்தான் வெளிவந்தன. அப்போது வள்ளலார் இல்லை. எதை எப்போது வெளியிடுவது, எதை நிறுத்தி வைப்பது என்ற முடிவு முழுக்க அந்தச் சிறு வட்டத்தின் கையில் இருந்தது. லாபக் கணக்குப் பார்க்கும் ஒரு வெளியார் நடுவில் இருந்திருந்தால், புகழ் பரவிய வேகத்திலேயே மிச்சத்தையும் அச்சேற்றியிருப்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பதிப்பு தனியொருவர் வேலை அல்ல. பணம் ஒருவர் தந்தார், பாடலைப் பெற இன்னொருவர் பாடுபட்டார், தொகுப்பை மூன்றாமவர் செய்தார். சுயபதிப்பு என்ற சொல்லே இந்த இடத்தில் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

வாசகர் எங்கே என்று தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரதியார் சான்று. 1920இல் அவர் ஒரு சுற்றறிக்கை விட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாக வெளியிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை, அடுத்த ஆண்டு அவரே மறைந்தார். எழுத்தின் தரத்தில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? பெயர் சொல்லி அழைக்கக்கூடிய வாசகர் வட்டம் அவ்வளவு பெரிய திட்டத்துக்கு அன்று திரளவில்லை. அந்தத் தோல்வியை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இன்றைய கணக்கும் இதையே சொல்கிறது. 200 ரூபாய் விலையுள்ள புத்தகத்தில் 500 பிரதி என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகம் பத்து சதவீதம் ராயல்டி தந்தால், அத்தனையும் விற்றபின் எழுத்தாளருக்கு 10,000 ரூபாய், கைக்காசு போகாது. சொந்தமாகப் போட்டால் அச்சுக்குப் பிரதிக்கு 80 ரூபாய், மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டைக்கு 15,000 என்று கொண்டாலும் செலவு 55,000. முழுவதையும் கடைகளுக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் வருவது 60,000. மிச்சம் வெறும் 5,000. அதுவே 300 பிரதியோடு விற்பனை நின்றால் 19,000 நஷ்டம். பாதியை வாசகர் கையில் நேராகக் கொடுக்க முடிந்தால் மட்டும் மிச்சம் 25,000 ஆகிறது. ஆகவே, நேரடி வாசகர் இல்லாதவர் பதிப்பகத்திடம் போவதே புத்திசாலித்தனம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பதிப்பகம் இல்லாவிட்டால் தரம் கெடும் என்பது முதல் ஆட்சேபம். நியாயமானதுதான், பிழை மலிந்த சொந்தப் பதிப்புகள் ஏராளம். ஆனால் அந்தக் கேடு யார் பணம் போட்டார் என்பதால் வருவதில்லை, படித்துத் திருத்த ஆள் வைக்காததால் வருகிறது. சொந்த முயற்சியில் வந்த சிந்தாமணிப் பதிப்பே பல ஏடுகளை ஒப்பிட்டுச் செய்த உழைப்பு. இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது: வழக்கு என்று வந்தால் எழுத்தாளர் தனித்து நிற்பார். ‘மாதொருபாகன்’ நாவல் விவகாரத்தில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் பெருமாள்முருகன் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை அவருடைய பதிப்பகம் துணை நின்றது. பகையைத் தூண்டக்கூடிய எழுத்து என்றால் இந்தத் துணையை லேசில் விடக் கூடாது.

பதிப்பகத்தை விட்டு வருபவர் ‘பேக்கேஜ்’ கம்பெனிகளிடம் சிக்காமல் இருக்கவும் வேண்டும். செலவு முழுவதையும் எழுத்தாளரிடம் வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதி வாங்குகிற ஒப்பந்தம் இரு வழியின் தீமையையும் சேர்த்துத் தருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஐ.எஸ்.பி.என். எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை எழுத்தாளருக்கே கட்டணமின்றித் தருகிறது. அதற்கென்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் தர வேண்டாம்.

நேரடி வாசகர் எங்கே கிடைப்பார் என்பதற்கு, இனி திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் வாழ்க்கை, 1990 முதல் அங்குள்ள ஈழத் தமிழர் முகாம், பழவேற்காடு ஏரியில் முறைவைத்து வலை விரிக்கும் ‘பாடு’ வழக்கம் என்று எழுதப்பட வேண்டியவை அங்கே நிறைய. இவற்றைப் பற்றிய புத்தகத்துக்கு மாநிலம் முழுக்க வாசகர் எத்தனை பேர் என்று சென்னைப் பதிப்பாளர் தயங்கலாம். ஆனால் அதை வாங்கக்கூடிய முதல் 300 பேர் மீனவக் குப்பங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பள்ளி ஆசிரியர் அறைகளிலும் திருவள்ளூர் புத்தகத் திருவிழாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி, முன்பணம் வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போகலாம். சாமிநாதையர் கையொப்பம் சேர்த்ததும் அப்படித்தான்.