பூட்ஸ் கால்களை வென்ற வெறுங்கால்கள்

திருவிடைமருதூர்ப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் பையன்கள் பந்து உதைத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். காலில் செருப்புக்கூட இராது. அதே மாதிரி வெறுங்காலுடன் ஆடிய ஒரு கோஷ்டி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தையே தோற்கடித்தது. இது நடந்தது கல்கத்தாவில். ஆண்டு 1911.

அந்தக் கோஷ்டியின் பெயர் மோகன் பகான். 1889-ல் தொடங்கிய சங்கம் அது.

வேலைக்குப் போனவர்கள்

ஆட்டக்காரர்கள் யாரும் பணக்காரர்கள் அல்ல. பந்தாடிச் சம்பளம் வாங்கியவர்களும் அல்ல. கேப்டன் சிவதாஸ் பாதுரி கால்நடை இலாகாவில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன் விஜயதாசும் அதே கோஷ்டியில் ஆடினார். அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர். சுதிர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர். பதினோரு பேரில் இவர் ஒருவர்தான் பூட்ஸ் போட்டு ஆடினார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால்தான்!

ஒவ்வொரு படியாக

ஐ.எப்.ஏ. கேடயப் போட்டி 1893-ல் தொடங்கியது. அதுவரை ஓர் இந்தியக் கோஷ்டிகூட அதை வென்றதில்லை.

1911-ல் மோகன் பகான் முதலில் செயின்ட் சேவியர் கல்லூரியை 3-0 என்று வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ் கோஷ்டியை 2-1 என்று வென்றது. பிறகு வந்தவை பட்டாளங்கள். ரைபிள் பிரிகேட் 1-0 என்று தோற்றது. அரை இறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்துடன் ஆடிய ஆட்டம் 1-1 என்று வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. மறுபடியும் ஆடினார்கள். மோகன் பகான் 3-0 என்று ஜெயித்தது!

கடைசி நிமிடங்கள்

ஜூலை 29. இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளம். மைதானத்தைச் சுற்றிப் பல்லாயிரம் பேர். மரத்தின் மேலும் கூட்டம். பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. அவர்களுக்காகக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம்.

பிற்பாதியில் பட்டாளம் முதல் கோலைப் போட்டது. கூட்டம் அடங்கிப் போயிற்று. ஆனால் சிவதாஸ் தளரவில்லை. பந்தைக் கொண்டு போய்ப் பதில் கோல் போட்டார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. சிவதாஸ் தள்ளிக்கொடுத்த பந்தை அபிலாஷ் கோஷ் கோலுக்குள் அடித்தார். 2-1! குடைகளும் துண்டுகளும் ஆகாயத்தில் பறந்தன.

ஏன் இத்தனை மகிழ்ச்சி?

அப்போது நாம் அடிமை நாடு. 1905-ல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மக்கள் மனம் புண்பட்டிருந்தது. "வெள்ளைக்காரன் பலசாலி, அவனை வெல்ல முடியாது" என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. அந்தப் பயத்தை ஒரு பந்தாட்டம் கொஞ்சம் போக்கிற்று. ஆட்டத்தால் ஆட்சி மாறிவிடவில்லை. ஆனால் ஒரே விதி, ஒரே மைதானம், இரு பக்கமும் பதினோரு பேர் என்று சமமாக நின்றால் நம்மாலும் முடியும் என்று சாதாரண ஜனங்கள் கண்ணால் கண்டார்கள்.

ஜூலை 29-ந் தேதியை மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தச் சங்கம் மறுபடியும் அதே கேடயத்தை வெல்ல 36 ஆண்டுகள் ஆயின. அது 1947. நாடு விடுதலை பெற்ற ஆண்டு!